கத்தரிக்காய் நிறக் கார் அக்கா

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது நீங்கள் இரண்டு பேரும் கார் விசயமாகச் சண்டை பிடித்தீர்கள். சின்னவன் தன் போனில் ஒரு பழைய அமெரிக்கக் காரைக் காட்டி, இதுதான் கார், இதற்குப் பெயர் மசில் கார், அப்பாவிடம் இருப்பது சாமான் வாங்கப் போகிற கூடை என்றான். மூத்தவள், "அதை எங்கே நிறுத்துவாய், உன் தலைக்கு மேலேயா?" என்று பிரெஞ்சில் கேட்டாள். பிறகு தீர்ப்புக் கேட்பது போல இருவரும் என்னைப் பார்த்தீர்கள். கிழமை முழுக்க மண்டபங்களில் மணவறைத் தூண் தூக்கின களைப்பு எனக்கு. "ரெண்டும் ஓடுந்தானே" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சின்னவன் கேட்டான். சிவப்பு விளக்கில் கார் தானாக அணைந்ததும், அப்பா ஏன் காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைக்கிறார் என்று. அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில். பதில் என்று சொல்வதை விட, ஒரு ஆள் என்று சொல்லலாம். வாயால் தொடங்கினால் பாதியில் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள், எனக்கும் தமிழில் தொடங்கி பிரெஞ்சில் தடுமாறி நிறுத்தத்தான் தெரியும். ஆகவே ஓல்னே-சூ-புவாவிலிருந்து வேலைக்குப் போகிற ரெயிலில், இருக்க இடம் கிடைத்த நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாக எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும்.

பாரிசில் எங்கள் ஆட்களுடைய கடைகள் இருக்கிற லாச்சப்பலில் அவரைப் பெரிய கார் அக்கா என்றுதான் சொல்வார்கள். பெயரை நான் எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. ஆள் கட்டை. ஸ்ரியறிங்குக்கு மேலால் வீதியைப் பார்ப்பதற்கு இரண்டு குசன் போட்டு அதன் மேல் இருப்பார். உடுப்பது பட்டுச்சேலை, அதற்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. காரோ கத்தரிக்காய் நிறம். நல்ல வெயிலில் பார்த்தால் எண்ணெயில் வதக்கின கத்தரிக்காய் நிறம். இவ்வளவு பெரிய காருக்கு இரண்டே இரண்டு கதவு. முன்பக்கம் மட்டும் ஒரு கட்டில் நீளம். அதற்குள் எட்டுச் சிலிண்டர் எஞ்சின்.

வாங்கினது அவருடைய மனுசன். மனுசன் மோசம் போய்ச் செத்தவீடும் முடிந்த பிறகு எல்லோரும் காரை வில் என்றார்கள். அக்கா விற்கவில்லை. போய்க் குசன் வாங்கினார்.

எங்கள் ஆட்களுடைய கொண்டாட்டங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கலியாணம், பெண்பிள்ளை பெரிசானதுக்குச் செய்கிற சாமத்திய வீடு என்றால் கலியாணப் பொம்பிளையையோ சாமத்தியப் பிள்ளையையோ மண்டபத்துக்குச் சும்மா கொண்டுபோக மாட்டார்கள். ஒருவர் குதிரை வண்டி பிடிப்பார், இன்னொருவர் நீளமான வெள்ளைக் கார் பிடிப்பார். அக்காவின் காரைப் பிடித்தவர்கள் அதன் நிறத்துக்காகப் பிடிக்கவில்லை, சத்தத்துக்காகப் பிடித்தார்கள். மண்டபத்துக்கு முந்தின சந்தியில் திரும்பும்போதே அந்தச் சத்தம் உள்ளுக்குக் கேட்கும். மேளக்காரர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்புவார்கள். கதிரையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் வாசலுக்கு வரும். ஆலாத்தித் தட்டைத் தேடி ஒரு மாமி ஓடுவார். கார் வந்து நிற்க, எல்லாம் ஆயத்தமாக இருக்கும்.

அப்படிச் சத்தம் போடுகிற காரை வைத்திருந்த அக்கா, சத்தம் போடுகிற மனிதரைக் காரில் ஏற்றமாட்டார். திறப்பைத் திருப்பி எஞ்சினை எழுப்ப முதல் எல்லோரும் வாயை மூட வேண்டும். பொம்பிளையின் தகப்பனாக இருந்தாலும் சரி, வீடியோக்காரராக இருந்தாலும் சரி.

"பேசாமல் இருங்கோ. இது கதைக்கப் போகுது" என்பார்.

பிறகு தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்பார். அதுதான் அவர். அக்காவை யாராவது படம் வரையச் சொன்னால் நான் அந்தச் சாய்ந்த தலையைத்தான் வரைவேன். அவர் கண்ணால் கார் ஓட்டினவர் இல்லை, காதால் ஓட்டினவர். ஒருமுறை பாரிசைச் சுற்றுகிற பெரிய வீதியில் ஒரு கலியாணப் பொம்பிளையோடு போகும்போது, பின்னால் இருந்த மாமன்காரர் காணி வழக்குக் கதை ஒன்றைத் தொடங்கினாராம். அக்கா, "அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ, உங்களுக்குக் கீழை இருக்கிற சில்லு ஏதோ சொல்லுது" என்றிருக்கிறார். ஓரம் கட்டிப் பார்த்தால் சில்லின் நட்டுகள் இளகியிருந்தன. பட்டுச்சேலையோடு குந்தியிருந்து அவரே இறுக்கினார். மாமன்காரர் மண்டபம் வரும்வரை பிறகு வாய் திறக்கவில்லை என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அவரைப் பழக்கமானது 2009 இல். நான் ரூ பிலிப்-து-ஜிரார் வீதியில் உள்ள, மணவறை கட்டிக் கொடுக்கிற கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பழைய வாகனத்தை நொறுக்கக் கொடுத்தால் புதுசின் விலையில் அரசாங்கம் கழிவு கொடுத்த காலம் அது. என்னுடைய ஓட்டை வானைக் கொடுத்துவிட்டு ஒரு சின்னக் கார் எடுத்தேன். அக்காவிடமும் பலர் சொன்னார்கள், இதையும் நொறுக்கக் கொடுங்கோ என்று. "என்னையும் சேத்துக் குடுத்தால் எவ்வளவு கழிப்பினம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

அந்த வருடம் ஊரில், இலங்கையில், யுத்தம் முடிந்தபோது எங்கள் சனத்துக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கே ஒருவரும் மேளம் வைக்கவில்லை. மண்டபத்துக்குச் சொன்னவர்கள் வேண்டாம் என்றார்கள். எங்கள் கடையில் தூண்கள் சுவரில் சாய்ந்து தூசி பிடித்தன. முதலாளி காலையில் கடையைத் திறப்பார், நாங்கள் இருப்போம், பின்னேரம் பூட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் எடுத்தார். "தம்பி, பற்றறி இறங்கிப் போட்டுது. உன்ரை காரைக் கொண்டுவந்து ஒருக்கா வயர் குடுப்பியோ?"

அவருடைய கராஜ் ஓல்னேயில், இப்போது நாங்கள் இருக்கிற தொடர்மாடிக்குப் பின்பக்கம்தான். என் சின்னக் காரின் பற்றறியிலிருந்து வயர் கொடுத்தோம். சின்னது நின்று மூச்சு வாங்க, பெரிசு இருமி, இன்னொருமுறை இருமி, பிடித்துக்கொண்டது. கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது. நான் வயரைச் சுற்றிக்கொண்டு, "எங்கை போகப் போறியள் அக்கா?" என்று கேட்டேன்.

"எங்கையும் இல்லை."

"பின்னை?"

"ஏதாவது ஒண்டு சத்தம் போடட்டும் எண்டுதான்."

தலையைச் சாய்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு, "இருக்குது" என்றார். காரை அணைத்து, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். நானும் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சனம் மெல்லமெல்லத் திரும்பவும் கலியாணம் வைக்கத் தொடங்கினது. மண்டப வாசலில் எங்கள் இரண்டு காரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவருடையது பொம்பிளை கொண்டுவரும், என்னுடையது மணவறை கொண்டுவரும். முதல்முறை என் காரைச் சுற்றிப் பார்த்தபோது அக்கா கேட்டது இது:

"என்ன தம்பி, இது காரோ, இல்லாட்டி கார் வாங்கினதுக்கு இலவசமாக் குடுத்ததோ?"

"சின்னதெண்டாலும் மணவறை முழுக்க இதுக்குள்ளதான் வந்தது அக்கா. உங்கடை கார் ஒரு பொம்பிளையையும் ஒரு பூச்செண்டையும்தான் கொண்டுவந்தது."

"ஓம். தோழிப் பிள்ளை பின்னாலை காலை மடிச்சு, முழங்காலை நாடியிலை முட்டிக்கொண்டு வந்தவள். இறக்க ரெண்டு பேர் இழுக்கவேண்டிக் கிடந்தது." அவர் அதை ஒளிக்கவில்லை. "சரி, பிறேக் எப்பிடி?"

"காலை வைச்சால் நிக்கும்."

"என்ரைக்கு இஞ்சை காலை வைச்சால் அடுத்த சந்தியிலை நிக்கும். மழைக்கை எப்பிடி ஓடும்?"

"ஒண்டும் இல்லை. நேராப் போகும்."

"என்ரை மழைக்கை தாண்டவம் ஆடும். எண்ணெய் எப்பிடிக் குடிக்கும்?"

"ஒருக்கா அடிச்சால் கிழமைக்குப் போதும்."

"என்ரை கார் பெற்றோல் அடிக்கிற செட்டைக் கண்டால் தானாத் திரும்பும்." கையை எண்ணெய்த் துணியில் துடைத்தார். "எல்லாத்திலையும் நீதான் வெண்டாய். இப்ப உன்ரை காரை ஸ்ரார்ட் பண்ணு."

பண்ணினேன். அவர் பொனற்றின் மேல் குனிந்து கேட்டார்.

"இது என்ன சொல்லுது?"

"ஒண்டும் சொல்லேல்லை அக்கா. நல்லா இருக்குது."

"அதுதான் எனக்குப் பயம். நல்ல மருமகள் மாதிரி ஒண்டும் சொல்லாது. ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போகேக்கைதான் எங்களுக்குத் தெரியும்." தன்னுடைய காரைத் தட்டினார். "இது மாமியார். பசிக்குது, குளிருது, முழங்கால் நோகுது, எல்லாம் வாய்விட்டுச் சொல்லும். பக்கத்திலை இருக்க ஏலாது. ஆனால் எங்கை என்ன எண்டு தெரியும்."

அக்கா வேலை செய்தது ஹோட்டல் துணிகள் தோய்க்கிற தொழிற்சாலையில். கிழமை நாட்கள் முழுக்க, ஆள் உயர இயந்திரங்களுக்கு நடுவில். பாரிசுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான். சனி, ஞாயிறு மட்டும்தான் கார். நான் இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஏனென்றால் அவருடைய காது போனது அங்கேதான்.

ஒரே நாளில் போகவில்லை. முதலில் மெல்லிய சத்தங்கள் போயின. ஒருமுறை என் காரில் தூண்களை ஏற்றிவிட்டுப் பின்கதவைச் சரியாகச் சாத்தவில்லை. கார் கீக் கீக் என்று கத்துகிறது. அக்கா அதற்குப் பக்கத்திலேயே சாய்ந்து நின்று பூக்காரரோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிவந்து, "கத்துறது கேக்கேல்லையே அக்கா?" என்றேன். "என்ன கத்துது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு கதையை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு போன் எடுப்பதை நிறுத்தினார். கண்டால் நாங்கள் கதைக்க முதல் அவரே கதைத்துக்கொண்டு போவார். குரலும் பெரிதாகிவிட்டது. மெதுவாகச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சொன்ன இரகசியங்களைக் கடைத் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

காதுக்குள் வைக்கிற கருவி அவருடைய மகள் வாங்கிக் கொடுத்தாள். அதை அவர் கைப்பைக்குள் வைத்திருந்தார். "கோப்பை, கரண்டி, கதவு, எல்லாம் ஒரேயடியாக் கத்துது தம்பி. ஆர் என்ன சொல்லுதெண்டு பிரிச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு" என்றார்.

பெரிய காரை மட்டும் அவருக்கு இன்னும் கேட்டது. கேட்டது என்பது சரியான சொல்லோ தெரியவில்லை. அந்தத் தடித்த சத்தம் இருக்கையால் முதுகுக்கும், ஸ்ரியறிங்கால் கைக்கும் ஏறும். அவர் தலையைச் சாய்க்கிற வழக்கம் மாறவில்லை. பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

மகளுக்குத் தெரியும். அவள் ஒரு புதுச் சின்னக் காரை வாங்கிக்கொண்டு வந்து அம்மாவின் வாசலில் நிறுத்தினாள். எல்லாப் பாதுகாப்பும் உள்ள கார். முட்டப் போனால் தானே கத்தும், வீதிக் கோட்டைத் தாண்டினால் கத்தும், சீற் பட்டி போடாவிட்டால் கத்தும். கேட்காத மனிதருக்குக் கத்துகிற கார். பாவம், அவளும் நல்லதுக்குத்தான் வாங்கினாள்.

அதை ஸ்ரார்ட் பண்ண ஒரு பொத்தான். அக்கா அமத்தினார். எஞ்சின் ஓடியது. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, உடம்புக்கும் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் பிடிக்கவில்லை என்று நினைத்துத் திரும்ப அமத்தினார். அணைந்தது. திரும்ப அமத்தினார், ஓடியது. மகள் பக்கத்தில் இருந்து, "அம்மா, ஓடுது, விடுங்கோ, விடுங்கோ!" என்று கத்தக் கத்த, பொத்தானும் அவரும் மாறி மாறி. ஒருவழியாக வெளிக்கிட்டு போர்த் து லா சப்பல் விளக்கு வரை போனார்கள். விளக்கில் நிற்க, பெற்றோல் மிச்சம் பிடிக்கிற அந்தக் கார் தன்பாட்டில் அணைந்தது. வேகம் காட்டுகிற பெட்டியில் முள்ளுகள் இறங்கினதை அக்கா கண்டார். நடுச் சந்தியில் கார் செத்துவிட்டது என்று கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"ஒரு மனுசனோடை ஒரு வீட்டுக்குள்ள இருக்கலாம் தம்பி, சண்டை பிடிச்சாலும் இருக்கலாம்" என்று என்னிடம் சொன்னார். "உயிரோடை இருக்குதோ இல்லையோ எண்டே தெரியாத ஒண்டோடை என்னண்டு போறது?"

அந்தக் கார் வாசலில் நின்றது. அக்கா பெரிய காரை எடுத்தார்.

மூத்தவளே, இந்த இடத்தில்தான் நீ வருகிறாய். உன்னுடைய சாமத்திய வீடு. நாங்கள் அப்போது லாச்சப்பலுக்குப் பக்கத்தில், மார்க்ஸ் டோர்மோயில் வாடகைக்கு இருந்தோம். நான் எல்லோருடைய மணவறையையும் கட்டுகிறவன், என் பிள்ளைக்கு அக்காவின் காரைத்தான் சொன்னேன். அவருக்கு அது பெரிய சந்தோசம். உங்கள் அம்மாவுக்கு அது பெரிய பயம்.

"இஞ்சருங்கோ, அவவுக்குக் காது கேக்கிறேல்லையாம். சனம் கதைக்குது. என்ரை பிள்ளையை அதுக்குள்ள ஏத்த மாட்டன்."

"அவ எத்தினை பிள்ளையளை ஏத்தினவ. ஒண்டுக்கும் ஒரு கீறல் இல்லை."

"அது கேக்கேக்கை."

அம்மா சொன்னது சரி. எனக்கும் அது தெரியும். அக்காவிடம் போய், உங்களுக்குக் காது கேட்காது, வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் உன் ஒரு நாளோடு நிற்காது, ஊர் முழுக்கப் பரவும், பிறகு ஒருவரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். நான் நேரே கேட்கிறேன், அவ தன் வாயால் ஓம் என்றால் ஓம், மாட்டன் என்றால் மாட்டன் என்று அம்மாவிடம் சொன்னேன். கேட்டேன். வாய் அசைவு தெரிய, முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"என்ரை கார் சொல்லுறது எனக்குக் கேக்கும்" என்றார் அக்கா. "அது போதும்."

அன்று காலையில் உனக்கு ரூ பிலிப்-து-ஜிராரில் சோடிப்புக்கடையில் தலை பின்னினார்கள். கடைக்கு முன்னால் அக்கா காரை நிறுத்தியிருந்தார், எஞ்சினை அணைக்காமல். பூக்காரர் பொனற்றில் மாலை கட்டி முடித்திருந்தார். அந்த வீதியின் அகலம் உங்களுக்குத் தெரியும். சாதாரணக் கார் நின்றாலே லொறிக்காரர் திட்டுவார். அக்காவின் கார் நின்றால் வீதியே முடிந்துவிடும். ஆனால் சனிக்கிழமைகளில் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. மரக்கறிக்கடைக்காரரும், தலைமயிர் வெட்ட வந்தவர்களும், வழியில் போகிற வெள்ளையரும் காரைக் கண்டால் கை காட்டுவார்கள். அக்காவும் கை காட்டுவார். எத்தனையோ வருட வழக்கம்.

நான் கடைக்குள் அம்மாவோடு நின்றேன். வெளியே அம்புலன்ஸ் சத்தம். வந்தது, கிட்டவாக வந்தது, பிறகு ஒரே இடத்தில் நின்று கத்தியது. கண்ணாடியால் பார்த்தேன். நீல விளக்கு அக்காவின் காருக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. வீதியில் நின்ற சனம் எல்லாம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுகிறது, "எடுங்கோ அக்கா, எடுங்கோ!" மரக்கறிக்கடைக்காரர் பெட்டியைப் போட்டுவிட்டு முன்னால் ஓடிவந்து ஆட்டுகிறார்.

அக்கா குசனின் மேல் நிமிர்ந்து இருந்து எல்லோருக்கும் சிரித்துச் சிரித்துக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய்க் கார்க் கதவுக் கண்ணாடியில் அடித்தேன். விரலால் பின்னால் காட்டினேன். அவர் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் நீல விளக்கைக் கண்டார். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை. அவ்வளவு பெரிய காரை ஒரு வெட்டில் நடைபாதையில் ஏற்றி, பூ வைத்த வாளிகளுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்தினார். அம்புலன்ஸ் போனது. அதற்குள் இருந்த நோயாளி யார், என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியாது.

அக்கா திறப்பைத் திருப்பி அணைத்தார். வீதி அமைதியாகிவிட்டது.

"எவ்வளவு நேரம் பின்னாலை நிண்டது?" என்று கேட்டார். அவருடைய அந்தப் பெரிய குரலில். வீதி முழுக்கக் கேட்டது.

அம்மாதான் முன்னால் போய், "கொஞ்ச நேரந்தான் அக்கா" என்றாள்.

அக்கா அம்மாவின் வாயைப் பார்த்தார். "பொய் சொல்லாதை பிள்ளை." பிறகு என்னிடம், "உன்ரை காரைக் கொண்டா" என்றார்.

"ஏன் அக்கா?"

"பிள்ளையை இதிலை ஏத்தாதை."

அம்மா, மூன்று கிழமையாக மாட்டேன் என்று நின்ற உங்கள் அம்மா, அவருடைய கையைப் பிடித்தாள். "பரவாயில்லை அக்கா. மெல்லமாப் போவம். நானும் கூட வாறன், நான் பாத்துச் சொல்லுறன்."

"என்ரை காருக்கு என்ரை காது வேணும்" என்றார் அக்கா. "உன்ரையை வைச்சு ஓட்ட ஏலாது."

அவரே மாலையைக் கழற்றினார். கட்டில் நீளப் பொனற்றுக்குக் கட்டின மாலை, என் சின்னக் காருக்கு இரண்டு சுற்று வந்து, வாயையும் மூடி, நம்பரையும் மூடி, மிச்சம் நிலத்தில் தொங்கியது. பூ மூட்டைக்குச் சில்லுப் பூட்டின மாதிரி. நீ கடைக்குள்ளிருந்து வந்து அதைக் கண்டு சிரித்தாய். உனக்குப் பன்னிரண்டு வயது, நடந்தது ஒன்றும் தெரியாது. உன்னைப் பார்த்து அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பெரிய காரின் திறப்பைப் பூக்காரரிடம் கொடுத்தார். பிறகு மகள் மெத்ரோவில் வந்து, நடைபாதையில் இருந்து காரை இறக்கிக் கொண்டுபோனாளாம்.

அக்கா என் காரில் முன்னால் இருந்தார். நீயும் அம்மாவும் பின்னால். மண்டப வாசலில் போய் நின்றோம். ஒருவரும் இல்லை. எங்கள் கார் வந்தது ஒருவருக்கும் தெரியாது. உள்ளே மேளக்காரர் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சனம் பெரிய சத்தம் வருமென்று காத்திருந்தது. ஹோர்ன் அடித்தேன், வேறு யாரோ அடிக்கிறான் என்று இருந்துவிட்டார்கள்.

அக்கா பட்டியைக் கழற்றி இறங்கினார். வெள்ளைச் சப்பாத்தோடு படியேறி, மண்டபக் கதவு இரண்டையும் தள்ளித் திறந்தார்.

"பிள்ளை வந்திட்டுது! என்ன இருக்கிறியள்? எழும்பி வாங்கோ!"

நாதஸ்வரக்காரர் வடையோடு எழும்பினார். எந்த எட்டுச் சிலிண்டரும் அப்படிக் கத்தியிருக்காது. ஆலாத்தித் தட்டைத் தேடி மாமி ஓடினார். மேளம் தொடங்கியது. நீ இறங்கினாய்.

அதற்குப் பிறகு அக்கா பெரிய காரை எடுக்கவில்லை, விற்க முடிவெடுத்தார். வாங்க வந்தவர் ஊர்ப்புறத்திலிருந்து வந்த ஒரு வயதான வெள்ளைக்காரர். நானும் போயிருந்தேன். அவர் பொனற்றைத் திறந்து, ஸ்ரார்ட் பண்ணி, கதைக்கத் தொடங்கினார். அக்கா விரலை வாயில் வைத்து அவரைப் பேசாமல் இருக்கச் செய்தார். பக்கத் தகட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "குளிரிலை முதல் கொஞ்ச நேரம் இருமும், பயப்பிடவேண்டாம் எண்டு அவருக்குச் சொல்லு" என்றார். சொன்னேன். கார் வீதி முனையில் திரும்பும்வரை நின்றோம். எனக்கு அதற்குப் பிறகும் கனநேரம் கேட்டது. அந்தச் சத்தம் அடங்க முதலே அக்கா உள்ளே போய்விட்டார்.

மகள் வாங்கின சின்னக் கார் அவருக்குத் தேவைப்படவில்லை. என்னுடையது பழுதாகிவிட்டதால் அதை நான் எடுத்தேன். நீங்கள் கூடை என்கிற கார் அதுதான்.

பிறகு மகளுக்குத் தெற்கில் வேலை மாறியது. அக்காவும் அவளோடு போனார். மகள் சாமான்களோடு முதலே போய்விட்டதால், அக்காவைப் பாரிசில் உள்ள லியோன் ரெயில் நிலையத்துக்கு நான்தான் ஏற்றிப்போனேன், அந்தக் காரில். வழியில் இருவரும் கதைக்கவில்லை. அவருக்குக் கேட்காது, எனக்குக் களைப்பு. போர்த் து லா சப்பல் விளக்கு சிவப்பாகியது. நின்றேன். கார் தன்பாட்டில் அணைந்தது.

அக்கா உள்ளங்கையை எடுத்து முன்னால், ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"நிண்டு போச்சோ?"

இல்லை என்று தலையாட்டி, விளக்கைக் காட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை. பச்சை வந்தது, பிறேக்கிலிருந்து காலை எடுத்தேன், கார் எழும்பியது. அவருடைய தலை மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது.

"ஆ" என்றார். "இருக்குது."

கொஞ்ச தூரம் போன பிறகு, கார் முழுக்க அதிர, "பாவம், மெல்லமாக் கதைக்குது. ஆனால் கதைக்குது" என்றார். நிலையம் வரும்வரை ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் கையை வைத்து, அது எழும்பும்வரை காத்திருந்தார்.

எந்தக் கார் திறம் என்று கேட்டீர்கள். பிறேக், மழை, பெற்றோல், எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். கார் து நோர் ரெயில் நிலையம் வந்துவிட்டது, நான் இறங்க வேண்டும். சின்னவனே, ஞாயிற்றுக்கிழமை நீ முன்னால் இரு. விளக்கில் நிற்கும்போது உன் கையையும் அந்த இடத்தில் வை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருங்கள்.